இன்றைய நிலவரம்

காலை ஐந்தே முக்கால். கோலா கெட்டில்.
பிரட்டுக்குப் பெயர் கூப்பிடும் முன்
மழைமானியைக் கவிழ்த்து அளக்கிறேன்:
அறுபத்தொரு மில்லிமீட்டர்.

ஒரு மணி நேரம் முந்தி விடிந்த ஹொக்கைடோவில்
லோகேஸ்வரி கோலை ஊன்றி அளந்து அனுப்பியிருக்கிறாள்:
"புதுப்பனி நாலே செண்டிமீட்டர். அடியில வெறும் ஐஸ்.
காத்துக்கு மேல் லிப்ட் ரெண்டும் மூடியாச்சு.
சறுக்க வந்தவங்கல்லாம் காப்பிக் கடையில.
எனக்கு அரை ஷிப்ட்தான்."

"இங்கயும் குலைவெட்டு இல்ல," என்று எழுதுகிறேன்.
"பதினேழாம் காட்டுல டிராக்டர் புதைஞ்சு கிடக்கு.
மட்டையில கால் வச்சா நாங்களும் சறுக்குவோம்,
டிக்கெட் இல்லாம."

அங்கே வானம் கொடுக்காமல் கெடுக்கிறது.
இங்கே கொடுத்து.
வீட்டுக் கடன் பதினைந்தாம் தேதி.

பிரட்டு கலைந்தது. வீட்டுக்கு வந்து
மீன் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
மேல்தட்டில் வெள்ளையாய் ஏறியிருந்தது.
ஆபீஸ் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன்.

"கெட்டில் மலை நிலவரம்:
பனி மூன்று செண்டிமீட்டர், அடித்தளம் கெட்டி,
காற்று இல்லை, கூட்டம் இல்லை,
ஒரு கெம்போங் மீன் மட்டும் சிக்கியிருக்கிறது."

அரை ஷிப்டுக்காரி உடனே பதில் போட்டாள்:
"நான் வந்ததுலேர்ந்து
அந்த ஃபிரிட்ஜைக் கழுவவே இல்லையா?"