நாலு பாதி

ஆலைச் சங்கு ஊதுமுன்னே
சுள்ளியைப் பற்றவைத்துவிட வேண்டும்.
புதுவயலில் விடியல் என்பது
அவியும் நெல்லின் வாடைதான்.

பெரியவள் செவந்திக்குப் பேன்சீப்பு.
நடுவுள்ளவனுக்கு ஒரு செருப்பு
எப்போதும் காணாது.
சின்னது இடுப்பில் இருந்தபடியே
என் தாலிக்கயிற்றைச் சப்பும்,
மஞ்சள் ருசி பழகிவிட்டது.

அப்புறம் சேவுகன்.
'நாலு நாள் பாத்துக்கக்கா' என்று
திருப்பூர் பஸ் ஏறினாள் அவன் அம்மா.
ஊருணி அப்போது மேல்படியைத் தொட்டுக் கிடந்தது.
இப்போது பதினோரு படி தெரிகிறது.

ரெண்டு முட்டை.
நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து
இழுத்து அறுத்தால் நாலு பாதி.
மஞ்சள் கரு எதில் பெரிசென்று
எட்டுக் கண் பார்க்கும்.
எல்லாரும் எடுத்து முடித்த பிறகே
கை நீட்டுவான் சேவுகன்.
அதற்காகவே ஒருநாள்
அடித்துவிட்டேன் அவனை.

அன்று களத்தில் நெல் துழாவும்போது
உள்ளங்கால் பொரிந்தது.
செருப்பைத் தேடவில்லை நான்.

கணக்கெடுக்க வந்த பெண்
பிள்ளைகள் எத்தனை என்றாள்.
நாலு.
'கார்டில் மூணுதானே இருக்கு?'
உள்ளே பால் பொங்கியது,
போய்விட்டேன்.

ஞாயிறு ராத்திரி போன் வரும்.
சாப்பிட்டேன் என்பான்.
குளிச்சேன் என்பான்.
பிறகு சுவரைச் சுரண்டிக்கொண்டு நிற்பான்.

நேற்று மட்டும்
குரலை உயர்த்திச் சொன்னான்,
ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி:
'அம்மா, பெரியம்மா என்னையும் அடிச்சுச்சு.'

அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ,
'இல்ல, வலிக்கல' என்றான்.

காலையில் ஊருணிப் பக்கம் போய்
அந்த ஒற்றைச் செருப்பைத்
தேட வேண்டும்.