ஒரு ஆள்

பேருந்து நிலையத்துக்கு வெளியே
பென்னாகரம் ரோட்டைப் பார்த்து நிற்கிறது ஷேர் ஆட்டோ.
ஏழு பேர் ஏறியாயிற்று.
"ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்" என்று
தகரத்தைத் தட்டுகிறார் தீர்த்தகிரி.
எட்டாமவர் வராமல் வண்டி நகராது,
உறுமும்.

ஃப்ளூரினும் இப்படித்தான்.
வெளிக்கூட்டில் ஏழு, வேண்டியது எட்டு.
யார் வீட்டு எலக்ட்ரான் என்று கேட்காது,
கையைப் பிடித்து இழுத்துப் போடும்.
இதைவிட வலுவாய் இழுக்கும் கை
அட்டவணையில் வேறெதற்கும் இல்லை.

ஆனாலும் பாருங்கள்,
வந்தவர் உட்கார்ந்ததும் வெளிவரும் பெருமூச்சு
குளோரினுக்குத்தான் பெரிது.
அது அகலமான வண்டி.
இது குட்டி வண்டி; முன்பே இருப்பவர்கள்
புதியவரை முழங்கையால் நெட்டுகிறார்கள்.
கூப்பிட்டது அணுக்கரு.
நெருக்குவது கூட வந்தவர்கள்.

எட்டு நிறைந்தால் பசி தீர்ந்தது என்று
பாடப்புத்தகம் மூடிக்கொள்கிறது.
என் வேலை அதற்குப் பிறகு:
நீர்ப் பரிசோதனைக் கூடம், நான்காம் அறை.

எண்ணூறு அடிக்குக் கீழே
பாறையை விட்டுக் கரைந்து
கூடுதலாய் ஓர் எலக்ட்ரானோடு
சாதுவாய் வந்திருந்தது, இன்று காலை, ஒரு பாட்டிலில்.
நிறமில்லை. வாசனையில்லை.
சிவப்புச் சாயம் விட்டேன்.
சாயம் பற்றியிருந்த சிர்கோனியத்தை
அலுங்காமல் பிரித்துக்கொண்டு போனது;
சிவப்பு மஞ்சளாய் வெளுத்தது.
பல்லைப் பிடிப்பதும் முட்டியைப் பிடிப்பதும்
இதே பிடிதான்.
அங்கே இருப்பது கால்சியம், அவ்வளவே.

ஒன்றரை வரை பொறுக்கலாம்.
நாலு புள்ளி இரண்டு.
பாட்டில் மேல், கோணல் எழுத்தில்:
மா. தீர்த்தகிரி, வீட்டு போர்.

எட்டாவது ஆளாய் நான்தான் ஏறினேன்.
"கொதிக்க வெச்சா போயிடுமா மேடம்?"

போவது தண்ணீர்தான்.
அது அடியில் தங்கி இன்னும் கெட்டியாகும்.
சொல்ல வாயெடுத்தேன்,
கண்ணாடியில் அவர் சிரித்தார்,
உதடு பிரியாமல்.
நானும் அப்படித்தான் சிரிப்பேன். 
பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில்
எங்கள் வரிசை முழுக்க அப்படித்தான்.

"குடிக்க மட்டுமாவது ஒகேனக்கல் தண்ணி பிடிங்க."
"அது மூணு நாளைக்கு ஒருக்கா மேடம்,
அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு.
நான் தூங்க வேணாமா?"

வண்டி கிளம்பியது.
சோகத்தூர் தாண்டியும்
யாருடைய முழங்கையோ
என் விலாவிலேயே இருந்தது.