பதினைந்து சென்ட்

போனில் இருக்கும் ட்யூனர் சொல்கிறது:
பதினைந்து சென்ட் குறைவு.
நிலமாக இருந்தால்
செம்மண்டலத்தில் வீடே கட்டியிருப்பேன்,
முன்னால் ஒரு முருங்கையும் வைத்து.
இது சுருதி. வேலி போட முடியாது.

ஐப்பசி. முதுநகரில்
உப்பனாற்றைப் பார்த்த ஜன்னல்.
காற்றில் பாதி கருவாடு, பாதி சிப்காட்.
நேற்று நிமிர்ந்திருந்த ரீடு
இன்று நமத்த அப்பளமாய்
முதுகு வளைத்துக் கிடக்கிறது.

கண்ணாடித் துண்டு,
அதன்மேல் அறுநூறாம் நம்பர் உப்புத்தாள்,
அதன்மேல் ரீடின் வயிறு.
முன்னே, பின்னே. முன்னே, பின்னே.
நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்:
காய்ந்த நாணல், கொஞ்சம் துரு.

நுனி மெலிந்தால் குரல் இளகும்,
மேல் ஸ்தாயி சரியும்.
மயிரிழை வெட்டினால் விறைத்து ஏறும்.
இரண்டு மயிரிழை வெட்டினால்
வாத்து.
இந்த மாதம் மூன்று வாத்து.
வாத்து ஒன்று இருநூற்று நாற்பது ரூபாய்.

பகலில் நான் மின்வாரியத்தில்
வீடு வீடாக ரீடிங் எடுப்பவள்.
மீட்டர் சொன்னதை எழுதுவேன்,
வீட்டுக்காரர் சொல்வதை அல்ல.
நகவெட்டியால் நான்காவதைக் கிள்ளினேன்.
முள் எழுந்து
நட்ட நடுவில் நின்றது. பச்சை.

சாயங்காலம் ஒத்திகைக்கு
சிங்கராயர் வந்தார், ஈரக் குடையோடு.
முதல் சுரத்திலேயே
எங்கள் இரண்டு கிளாரினெட்டுக்கும் நடுவில்
ஊம் ஊம் ஊம் ஊம் என்று
எதுவோ அடித்துக்கொண்டது.
முகத்துவாரத்தில் இரண்டு டீசல் படகுகள்
ஒட்டி வரும்போது கேட்குமே, அது.

அவருக்குக் கேட்கவில்லை.
ஐஸ் பேக்டரி மெஷினோடு இருபத்திரண்டு வருஷம்;
இடது காது அதற்கே போய்விட்டது.
கீழ்வரிசையில் இரண்டு பல்லும் இல்லை,
உதடு பிடிமானம் தேடுகிறது.
பேரலைக் கடைசிவரை அழுத்தித்தான் வைத்திருக்கிறார்.
இனி ஏற இடமில்லை.
புருவத்தை மட்டும் தூக்கினார்: சரியா?

அப்போதுதான் புரிந்தது.
பதினைந்து சென்டும் அவருடையது.
ஆறு வருஷமாக
என் வாய் என்னிடம் சொல்லாமல் இறங்கிப் போய்
அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.
நான்தான் ரீடைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷம் அண்ணே, தண்ணி இறங்கிடுச்சு"
என்று திரும்பி உட்கார்ந்தேன்.
டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால்
நுனியில் தெரியும் மூன்றாம் பிறை;
அதில் பிளேடால் ஒரு சுரண்டல்.
ஊதினேன். ஊம், ஊம், ஊம்.
இன்னும் ஒன்று.
ஊம்.
ஊ...ம்.
ஊ

படகுகள் இரண்டும் ஒரே படகாயின.
முள் இடப்பக்கம் விழுந்து
சிவப்பில் கிடந்தது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
இந்த ரீடிங்கை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மஞ்சக்குப்பத்தில் கல்யாணம்.
பெண் உள்ளே வரும்போது ஊதினோம்,
சிங்கராயர் கண்ணை மூடிக்கொண்டு.
கீபோர்டு பையன் நிமிர்ந்து பார்த்தான்,
எங்களை, பிறகு தன் வாத்தியத்தை.
குனிந்து
ஒயரைப் பிடுங்கி
மறுபடி செருகினான்.