இடது காது

ஐந்து லட்சம் கேட்டிருந்தோம்.
ஏலத்தில் முதல் விலை அப்படித்தான் போடுவது,
எவனும் அந்த விலைக்கு எடுக்கமாட்டான் என்று தெரிந்தே.
எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பைசா கிடையாது என்றார்.
அதுவும் எனக்குப் பழகின வியாபாரம்தான்.
வஞ்சிரத்தின் செவுளை விரித்துப் பார்த்து
"நேத்து மீனு" என்று போகிறவன்
நாலு கூடை தாண்டித் திரும்பி வருவான்.

மஞ்சக்குப்பம், சார்பு நீதிமன்றம்.
வாதி: அஞ்சலாட்சி, சிங்காரத்தோப்பு.
பிரதிவாதி: தேசிங்கு, அதே ஊர், அடுத்த தெரு.

துறைமுகத்தில் காலை ஐந்தே கால்.
ஒரு கூடை நண்டு, நானூறு ரூபாய் பாக்கி, ஒரு வார்த்தை.
அந்த வார்த்தை என்னுடையதுதான், மறைக்கவில்லை.
கை வந்ததைப் பார்க்கவில்லை.
அன்றிலிருந்து இடது பக்கம்
ஏதோ ஒரு படகின் இன்ஜின்
கரைக்கு வராமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் போலீஸ் கேஸ்.
சாட்சிக்கு வந்த மூன்று பேரும்
அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.
சந்தேகத்தின் பலன் என்று ஒன்று இருந்தது,
அதை அவனுக்குக் கொடுத்தார்கள்.

"சிவில்ல தராசு வேறக்கா" என்றார் வக்கீல் மெகருன்னிசா.
"முள்ளு ஒரு நூல் சாஞ்சா போதும்."
ஒரு நூல்.
அதற்கு ஏழு வருஷம்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கு என்றார்கள்.
கை மடியிலேயே கிடந்தது.
தூக்கிவிடலாமா என்றுகூட இருந்தது, அந்தப் பெண் பாவம்
அவ்வளவு நேரம் காத்திருந்தாள்.
அந்தச் சீட்டுதான் வாதி தரப்பு ஆவணம் ஆறு.

குறுக்கு விசாரணையில் அவர் என் இடது பக்கம் வந்து நின்று
ஏதோ முணுமுணுத்திருக்கிறார்.
நான் திரும்பவில்லை. நடிப்பு என்றார்.
பிறகு வலது பக்கம் வந்து,
"காது கேட்காமல் எப்படி ஏலம் விடுகிறீர்கள்?"
வாயைப் பார்த்து, ஐயா. விரலைப் பார்த்து.
தட்டச்சு செய்துகொண்டார்கள்.

தீர்ப்பு நாளில் மின்விசிறி சத்தம்,
நீதிபதிக்குத் தொண்டை கட்டியிருந்தது,
நான் நின்றது தப்பான பக்கம்.
என் விலை எவ்வளவுக்குப் போனதென்று
எனக்கே விழவில்லை.
வக்கீலம்மா உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்:
ஒன்று எண்பத்தைந்து.

பிறகு நகல் வாங்கிப் படிக்கவைத்துக் கேட்டேன்.
மருந்துச் செலவு, ரசீது உள்ளவரை.
வருமானம் மாதம் ஆறாயிரம் என்று அனுமானம்.
வலி, வேதனைக்கு இருபதாயிரம்.
இரண்டையும் சேர்த்து ஒரே வரியில்,
பொடிமீன் கலந்த கூறு மாதிரி.
பதினோராம் பக்கத்தில் ஒரு வரியை மட்டும்
இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்:
"வாதிக்கு இடது காது முற்றிலும் கேளாது என்பது
ஐயமற நிரூபணமாகிறது."

பணம் வரவில்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறான்.

நேற்று நல்ல பாரை, ஏழு கூடை.
மூவாயிரத்து ஐந்நூறு, அறுநூறு,
மூவாயிரத்து எண்ணூறுக்கு
புதுப்பாளையம் ஆளுக்கு முடித்துக்கொடுத்தேன்.
என் தோளை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான் தேசிங்கு.
"நாலாயிரம்னு மூணு தடவ கத்துறேன்,
காதுல விழல?"

தீர்ப்புல இருக்குப்பா. பதினோராம் பக்கம்.

கேட்டதா, கேட்கவில்லையா என்பதற்குச்
சாட்சி யாரும் இல்லை.
எல்லாரும் அந்த நேரத்தில்
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.