மற்றச் சீரகம்

எங்கள் பேச்சில் சீரகம் மூன்று.
நற்சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம்.
நல்லதும் இல்லாமல், பெரியதும் இல்லாமல்,
கறுப்பும் இல்லாமல்
வெட்டிய நகத்துண்டு போல வளைந்து
இன்னொன்று இருக்குமென்று
ரெஜைனாவில் என் முதல் தை மாதத்தில்தான் அறிந்தேன்.

ஆரபி வயிற்றில், ஐந்து மாதம்.
எதைத் தின்றாலும் சத்தி.
"ஒரு ரசம் எண்டால் குடிப்பன்" என்றேன்.
வீட்டில் சீரகம் இல்லை.
கௌரிபாலன் இரண்டு காற்சட்டை மாட்டி
கம்பளிக்குள் மூக்கை ஒளித்து
ஆல்பர்ட் தெருவில் பஸ்ஸுக்கு நின்றான்.
மைனஸ் முப்பத்துநாலு.
ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தான்,
கையில் பெரிய கண்ணாடிப் போத்தல்,
இமையில் பனி.

ரசம் பாண் மணத்தது.
பேக்கரி வாசலில் ஆரோ மிளகு இடித்தது போல.
"என்னப்பா இது?"
"சீரகம்தானே."
"இல்லை."
"சீரகம் மாதிரித்தானே கிடக்கு."
அழுதேன்.
ரசத்துக்கு அழுகிறேன் என்று அவன் நினைத்தான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எறியவில்லை.
ஏழு டொலர் தொண்ணூற்றொன்பது என்று ஒட்டியிருந்தது.
உழுத்தம் மாவுக்குப் பின்னால்
பதினொரு வருடம் நின்றது அந்தப் போத்தல்.
இரண்டு வீடு மாறினோம்,
இரண்டு தரமும் பேப்பர் சுற்றி
முதல் பெட்டியில் அது ஏறியது.
"சீரகம் வாங்கத் தெரியாத மனுசன்"
என்று தொடங்கும் என் சண்டைகளுக்கு
ஒரு சாட்சி வேண்டாமா?
அலுமாரியில் இருந்தது.

இந்த ஐப்பசியில் அவனுடைய பட்டறை
பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது.
"இருக்கிறதை முடிப்பம்" என்றேன்.
கடைசித் தகரப்பால்,
அரைப்பை ரவை,
ஒரு கிழமை பருப்பு,
பிறகு அது.

மூடி இறுகிப் போயிருந்தது. சுடுதண்ணீரில் பிடித்துத் திறந்தேன்.
மணம் பாதி போய்விட்டது.
மீதியை வெறுஞ்சட்டியில் வறுத்து எழுப்பினேன்.
கோவா வறைக்குள் ஒரு கரண்டி போட்டேன்,
பிள்ளை இரண்டாம் தரம் கேட்டாள்.
உருளைக்கிழங்குப் பிரட்டலுக்குப் பொருந்தியது.
ரொட்டிக்கு, சொல்லவே வெட்கம், நன்றாகவே பொருந்தியது.
ரசத்துக்கு மட்டும் போடவில்லை.
அதில் நான் விட்டுக்கொடுப்பதாய் இல்லை.

"இண்டைக்கு மற்றது போடேல்லையோ அம்மா?"
ஆரபி கேட்டாள்.
அப்படித்தான் அதற்கு ஒரு பெயர் வந்தது.

அடியில் இரண்டு விரலுயரம் மிஞ்சியபோது
என் கரண்டி சிறுத்தது.
ஏனென்று நான் என்னைக் கேட்கவில்லை.

முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் முடித்து வந்த
ஒரு வியாழன் இரவு
குசினியில் வெளிச்சம்.
அடுப்பில் ரசம்.
கழுவிக் கவிழ்த்த போத்தல்.
"முடிச்சிட்டன்" என்றான்,
இரண்டு மாதத்துக்குப் பிறகு
ஒரு வேலையை முடித்தவனின் குரலில்.

"ஆர் முடிக்கச் சொன்னது?"

சப்பாத்தும் கழற்றாமல் கத்தினேன்,
அதைக் கொண்டுவந்த நாளில் கத்தியதைவிடக் கூட.
அகப்பையோடு அப்படியே நின்றான்.
ரசம் பாண் மணத்தது.
இரண்டு கோப்பை குடித்தேன் என்பது வேறு கதை.

அடுத்த நாள் எழும்பும்போது ஆளைக் காணவில்லை,
போத்தலையும் காணவில்லை.
பொழுதுபட வந்தான்.
இமையில் அதே பனி,
கையில் அதே போத்தல், கழுத்துமட்டும் நிறைந்து.
திறந்தேன்.
நற்சீரகம்.
அசல், புதுசு,
மூக்கில் ஏறும் நற்சீரகம்.

"இது சீரகம்தானே?"
பயந்து பயந்து கேட்டான்.

ஓம் என்றேன்.
உழுத்தம் மாவுக்குப் பின்னால்
தட்டில் அதன் அடிவட்டம்
இன்னும் பதிந்திருந்தது.
அந்த வட்டத்துக்குள் வைத்தேன்.