சிவப்பு நாடா

துவாஸ் சோதனைச்சாவடித் தாளில்
"பழைய அலுமினியம், துணி" என்று எழுதியிருந்தார்கள்.
பொய்யில்லை.
சிலேத்தாரில் லாரியின் பின்கதவைத் திறந்து
நான்கு பேர் வெறுங்கையால் இறக்கினோம்,
கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலை இறக்குவதுபோல.
இறக்கையில் இன்னும் செம்பனை மட்டையின் முள்.

நான் இழப்பு மதிப்பீட்டாளர்.
விழுந்ததற்கு விலை சொல்வது வேலை.
விமானத்தைவிட உங்கள் கோப்பு கனம், மிஸ், என்கிறார் ரஸ்லான்,
மெக்கானிக்,
பையில் கட்டிய கோப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டே.

கனம்தான்.
முதல் உடைமையாளர்: தரையிறங்குமுன் கடைசித் திருப்பம்,
வேகம் குறைந்தது, இறக்கை காற்றைக் கைவிட்டது.
காற்றுதான் இறக்கையைக் கைவிட்டதோ என்னவோ,
அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.
ஒரு தென்னை உயரம். கணுக்கால்.
விற்றார்.

இரண்டாமவருக்குக் கார்புரேட்டரில் பனி.
பனி!
பூமத்திய ரேகையிலிருந்து இரண்டே பாகை தள்ளி,
சட்டை முதுகில் ஒட்டும் மதியத்தில்,
ஈரக்காற்றைக் குடித்த குழலுக்குள்
யாருக்கும் சொல்லாமல் ஒரு மார்கழி.
அன்று ஒருவர் இறந்தார்.
பெயர் இல்லை. "வலது இருக்கை" என்று மட்டும் இருக்கிறது.
சட்டத்தை நிமிர்த்தினார்கள், மஞ்சள் சாயம் அடித்தார்கள்,
விற்றார்கள்.

மூன்றாமவர் வாங்கியபின் பறக்கவேயில்லை.
அந்தப் பக்கங்கள்தான் சுத்தமாக இருக்கின்றன.

நான்காமவர் டாக்டர் குவெக் தியாம் செங்.
பிடோக்கில் பல் மருத்துவர்.
நம் தீவின் வானம் முழுநேரமும் வேலையாயிருக்கிறது,
விளையாட வானம் வேண்டுமென்றால் பாலம் தாண்ட வேண்டும்.
சனிக்கிழமைதோறும் தாண்டினார்.

அறுநூறு அடியில் எஞ்சின் நின்றது.
தலைக்குமேல் இருந்த கைப்பிடியை இழுத்தார்.
வெடித்துக் கிளம்ப வேண்டிய பாராசூட் கிளம்பவில்லை.
மறுபடி இழுத்தார்.
இழுத்தபடியே செம்பனை உச்சிகளுக்குள் போனார்,
மரங்கள் பிடித்துக்கொண்டன.
ஒரு தோள் எலும்பு. ஆறு பற்கள்.
பல் மருத்துவருக்கு ஆறு பற்கள் என்றதும்
ரஸ்லான்கூடச் சிரிக்கவில்லை.

கைப்பிடியின் கழுத்தில் ஊசி அப்படியே இருந்தது.
தரையில் தவறி வெடித்துவிடாமலிருக்கச் செருகுவது,
முனையில் ஒரு சாண் சிவப்பு நாடா:
பறக்குமுன் அகற்று.

சரிபார்ப்புத் தாளில் பதினேழாவது வரி,
"ஊசி அகற்றப்பட்டது". டிக்.
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் அதே மை, அதே சாய்வு,
ஒரே மூச்சில் இறங்கிய தூறல்.
கவனக்குறைவு, என்று எழுதிவிட்டு
ஏதோ உறுத்தி
போன ஆண்டின் புதுப்பிப்புப் படிவத்தைத் தேடி எடுத்தேன்.

பாராசூட் நேரில் பார்வையிடப்பட்டதா?
ஆம். டிக்.
கீழே: பூங்கோதை, மாலை 5.45.

நான் போகவில்லை.
அவர் மூன்று படம் அனுப்பியிருந்தார்.
அதே தொலைபேசிதான், இன்னும் இருக்கிறது.
ஒன்று, பாராசூட் குப்பியின் முத்திரைத் தேதி.
இரண்டு, பெல்ட்டுகள்.
மூன்றாவது சும்மா, மேலேயிருந்து எடுத்தது:
மேகம், ஆறு ஒரு வளைவு,
ஓரத்தில் காற்றில் படபடக்கும் ஒரு சிவப்பு.
அழகாயிருக்கிறது டாக்டர், என்று
நான் பதில்கூடப் போட்டிருக்கிறேன்.

கொட்டகைக்கு வெளியே பயிற்சி விமானம் ஒன்று ஏறுகிறது.
ரஸ்லான் நிமிர்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு
திரும்பவும் குனிகிறார்.
"காரணம்" என்ற கட்டம்
படிவத்தில் இரண்டு விரல் அகலம்.

மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்து கிடக்கிறது:
எஞ்சின் தேறுமா, மிஸ் பூங்கோதை?