சி ஏழு

வெளியே ஐம்பது பாகை.
உறைபெட்டிக்குள் மைனஸ் எண்பது.
நடுவில் ஒரு கதவும் என் வலது கையும்.

பெட்டி பதினான்கு, வரிசை சி, குழி ஏழு.
மூடியில் பச்சை மையில் எண் மட்டும்.
சுரண்டினால்
பல்லில் ஐஸ் கடிபடும் சத்தம்.
தட்டில் கோடு இழுத்து வைத்தால்
விடிவதற்குள் வந்துவிடும்.
எப்போது கூப்பிட்டாலும் வரும்.
மார்ச் மாதம் அதை நுரையீரலில் வைத்திருந்த
ஒன்பதாம் படுக்கைக்காரர்தான்
எழுந்து வரவில்லை.

அவருடைய அறிக்கையில்
பதினோரு மருந்துக்கும் எதிரே ஒரே எழுத்து,
ஆர், ஆர், ஆர் என்று அடிவரை,
தட்டச்சுப் பழகும் பிள்ளை
விரலை எடுக்க மறந்ததுபோல.

டாக்டர் பதூர் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.
மருந்து ஏன் இதைக் கொல்லவில்லை என்று
குவைத்தில் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள்.
இது எப்படிக் கொல்கிறது, அதைப் பார்.

அதுவரை எனக்கு உறைத்ததில்லை.
சாகாமலிருப்பது ஒரு வேலை.
சாகடிப்பது வேறு வேலை.

தூசிக்காற்று அடித்த வாரம்
கட்டில் கம்பியின் ஒரு துண்டில் அதைத் தடவி
இழுப்பறைக்குள் போட்டுவைத்தேன்.
தண்ணீர் இல்லை, தீனி இல்லை.
முப்பத்தொரு நாள் கழித்தும் உயிரோடு.
பாலைவனத்துக்கு இவ்வளவு பொருந்திய ஆளை
எந்த ஏஜென்டும் அனுப்பியதில்லை.

காய்ச்சல் கண்ட உடம்பு
முதலில் இரும்பை ஒளிக்கிறது.
ரத்தத்தில் அலைவதையெல்லாம் பொறுக்கி
ஈரலில் போட்டுப் பூட்டுகிறது.
கிருமிக்குப் பட்டினி.
அதுவும் சும்மா இருப்பதில்லை,
கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளை
வெறுங்கையோடு வெளியே அனுப்புகிறது.
அவன் இரும்போடு திரும்புகிறான்.

இதைப் பார்க்க ஒரு நீலத் தட்டு உண்டு.
சாயம் பிடித்துவைத்திருக்கும் இரும்புதான் அந்த நீலம்.
திருட்டு நடந்த இடத்தில் ஆரஞ்சு வளையம்.
சி ஏழைச் சுற்றி
அகலமான, கூச்சமில்லாத வளையம்.

அந்த ஒரு மரபணுவை வெட்ட
எட்டு மாதம் ஆயிற்று.
வெட்டியதை ஊற்றிய தட்டில்
மறுநாள் நீலம், நீலம் மட்டும்.
கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அப்புறம் புழுக்கள்.
ஃபஹாஹீல் தூண்டில் கடைக்காரன்
எந்த மீனுக்கு என்று கேட்டான்.
ஷேரிக்கு என்று சொல்லிவைத்தேன்.
கொழுத்த, வெண்ணெய் நிறப் புழுக்கள்.
கடைசிக் காலில் ஊசி, பத்து மைக்ரோலிட்டர்.
சாமிஹ் ஒவ்வொன்றிடமும்
மாலேஷ், மாலேஷ் என்று
மன்னிப்புக் கேட்டே குத்துவான்.
செத்தால் கறுத்துவிடும். ஐயத்துக்கு இடமில்லை.

சி ஏழு வாங்கிய பத்தும்
இரவுக்குள் கரித்துண்டு.
வெட்டியது வாங்கிய பத்தும் வெள்ளை.
சாமிஹ் எல்லாருக்கும் பஸ்பூசா வாங்கி வந்தான்.

அடுத்த வாரம் அதே ஊசி, அதே கை.
ஆறு கறுப்பு.
அதற்கடுத்த வாரம் ஐந்து.

எண்ணிப் பார்த்தேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வெறுங்கையோடு போகிறவன் ஒருவன் இல்லை.
எனக்குத் தெரியாத இன்னொரு வாசல் வழியே
இன்னொருவனும் போய் வருகிறான்.

ஒழுங்குக் குழுவுக்குப் புதுப்பிக்கவென்று
நேற்று பழைய படிவத்தை எடுத்தார்கள்.
பெயரைக் கறுப்பு மையால் அழுத்தி அடித்திருந்தார்கள்.
ஊர் தெரியவில்லை.
தொழிலை அடிக்க மறந்துவிட்டார்கள்.
கம்பி கட்டுபவர்.
வயது முப்பத்து நான்கு.

பதூரிடம் காட்டவில்லை.
இரண்டாம் வாசலைத் தேட
நாளைக்கு இருபது தட்டு ஊற்ற வேண்டும்.
சாயத்தை இன்றைக்கே கரைத்துவைத்தேன்.
கையுறையில் எங்கோ ஓட்டை போலிருக்கிறது.
சோறு பிசையும்போதுதான் பார்த்தேன்,
மூன்று விரல் நுனியில் நீலம்.
சோப்புக்கும் எலுமிச்சைக்கும் போகவில்லை.